பெயர் ஒருவருடையது, கடன் மற்றொருவருடையது

புதுடில்லியில் லோதி ரோட்டின் பெயரைக் கேள்வியுறாத அரசாங்க ஊழியர் மிகச் சிலரே. சையது, லோதி வமிசங்களைச் சேர்ந்த சுல்தான்களின் கல்லறைகள் நிற்கும் பூந்தோட்டம் அச்சாலையை ஒட்டியுள்ளது. 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய வானிலை இலாகாவின் தலைமை அலுவலகமாகிய மௌசம் பவனும் அங்கேயே இருக்கின்றது. வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும்போது, அதைப் பற்றிய எச்சரிக்கை இங்கிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்து மீனவரையும் கடலூர் உழவரையும் சென்றடைகின்றது.

இச்சாலையை அடுத்த மத்திய அரசு அலுவலகத் தொகுதியில் எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன் என்னும் கட்டடம் ஒன்று உண்டு. வேறொரு வகைப் புயலைக் கவனிக்கும் பணி அங்கே நடைபெறுகின்றது. கணினிகளின் வழியே நிகழும் ஊடுருவல், தகவல் கசிவு, ஆள்மாறாட்டம் ஆகியவற்றை ஆராய்ந்து எச்சரிக்கை விடுப்பதற்காக, 2004 ஜனவரி முதல் இயங்கிவரும் இந்தியக் கணினி அவசரகால உதவிக் குழுவின் அலுவலகம் அதில் உள்ளது. இதைச் சுருக்கமாக ‘செர்ட்-இன்’ என்று வழங்குவர்.

கடற்புயல் விளைவிக்கும் சேதம் அனைவருடைய கண்ணுக்கும் தெரியும். ஒருவருடைய பெயரையும் எண்ணையும் திருடி மற்றொருவர் கடன் வாங்கிவிட்டால், அச்சேதம் பாதிக்கப்பட்டவருக்கே கடைசியில்தான் தெரிய வருகின்றது. பயிர்க் கடனுக்கோ, மகளின் கல்விக் கடனுக்கோ வங்கியை நாடிச் செல்கையில், “உங்கள் பெயரில் முன்பே நிலுவை உள்ளது” என்று மேலாளர் கூறும்போதுதான் அவர் திகைக்கின்றார். அதற்குள் விதைப்புப் பருவமோ, கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய நாளோ கடந்துவிடக்கூடும். இத்தகைய நிலைமை எவ்வாறு ஏற்படுகின்றது, அதை எவ்வாறு முன்கூட்டியே கண்டறிவது, கண்டபின் யாருக்கு எவ்வளவு விரைவில் தெரிவிப்பது என்பவற்றைக் கிராமங்களில் பணிபுரிவோரும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

கடன் ஏடு என்பது யாது?

முற்காலத்தில் கடன் கொடுப்பவர் கடன் வாங்குபவரின் முகத்தையும் நிலத்தையும் குடும்பத்தையும் அறிந்திருந்தார். புரோநோட்டில் கைநாட்டு வைத்தவர் யார் என்ற ஐயம் எழுந்தால், சாட்சிக் கையெழுத்திட்டவர் அடுத்த தெருவிலேயே இருந்தார். இன்று கடன் கொடுப்பவர் மும்பையிலும் வாங்குபவர் மன்னார்குடியிலும் இருக்கலாம். ஒருவரையொருவர் நேரில் காணாமலே கடன் வழங்கப்படுகின்றது. இந்த இடைவெளியை நிரப்புவதற்கு ஏற்பட்டவையே கடன் தகவல் நிறுவனங்கள்.

நம் நாட்டில் இவ்வகையில் முதலாவதாகிய ‘சிபில்’ 2000-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனால்தான் கடன் தகவல் அறிக்கை முழுவதையுமே பொதுமக்கள் ‘சிபில்’ என்ற பெயரால் குறிப்பிடுகின்றனர். உண்மையில் இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இவை இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராதல் வேண்டுமென்று 2015 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பணித்தது. யார் எவ்வளவு கடன் பெற்றார், தவணைகளை எத்தனை நாள் தாமதித்தார் என்ற விவரங்களை அவை நான்கிற்கும் அனுப்புகின்றன. 2025 ஜனவரி முதல் குறைந்தது பதினைந்து நாளைக்கு ஒருமுறையேனும் இவ்விவரங்கள் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது விதி. மகளிர் சுய உதவிக் குழுக்களின் உறுப்பினர் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே விவரம் அனுப்புமாறு 2016-ஆம் ஆண்டிலேயே உத்தரவாகியுள்ளது. ஆகவே நகரவாசிகளுக்கு மட்டுமே உரியது இவ்விஷயம் என்று எண்ணுதல் தவறு.

இந்த ஏட்டின் தன்மையில் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஏட்டை வைத்திருப்பவர் கடன் வாங்கியவரை ஒருபோதும் பார்ப்பதில்லை. கடன் கொடுத்தவர் எழுதி அனுப்பியதையே அவர் நம்புகின்றார். கடன் கொடுத்தவரோ தமக்குக் காட்டப்பட்ட எண்ணை நம்புகின்றார். முதற்படியில் நேர்ந்த ஏமாற்று கடைசிப்படி வரை உண்மையாகவே தோற்றமளிப்பதற்கு இதுவே காரணம்.

எண் ஆளைக் குறிக்கும், ஆளை நிரூபிக்காது

வருமான வரி இலாகா வழங்கும் பான் எண் பத்து இடங்கள் கொண்டது. முதலில் ஐந்து எழுத்துகளும், பின்னர் நான்கு இலக்கங்களும், இறுதியில் ஓர் எழுத்தும் வரும். நான்காம் எழுத்து, எண்ணுக்குரியவர் தனிமனிதரா, கம்பெனியா, அறக்கட்டளையா என்பதைக் குறிக்கும். ஆதார் எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. அவற்றுள் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கமாகும். டச்சுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படி, முதல் பதினோரு இலக்கங்களைக் கொண்டு அது கணக்கிடப்படுகின்றது. எழுதுகையில் ஓர் இலக்கம் தவறினாலோ, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலோ கணினி உடனே கண்டுகொள்ளும்.

இது சிறந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கண்டுபிடிப்பது எழுத்துப் பிழையை மட்டுமே. எண்ணைக் கொண்டுவந்தவர் அவ்வெண்ணுக்கு உரியவர்தாமா என்பதை அது கூறாது. வீட்டுக் கதவின் எண்ணை அறிந்தவர் எல்லோரும் வீட்டுக்காரர் ஆகிவிடுவதில்லை. எண் அடையாளம் காட்டும் குறி, அது சாவியன்று. இவ்வேறுபாட்டை மறக்கும் இடத்திலெல்லாம் ஆள்மாறாட்டம் நுழைகின்றது.

டில்லியில் வெளிப்பட்ட ஒரு மோசடி

2023 மார்ச்சில் டில்லி போலீசார் வெளிப்படுத்திய வழக்கு ஒன்று இதைத் தெளிவாக விளக்கும். புகழ்பெற்ற திரைப்பட நடிகர்கள், கிரிக்கெட் வீரர் ஆகியோரின் பெயரால் கடன் அட்டைகள் பெற்றதாக ஐவர் கைது செய்யப்பட்டனர். அவர்கள் எந்தக் கணினியையும் உடைத்து நுழையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு எண்கள் எவரும் இணையத்தில் காணக்கூடியவை. பதினைந்து இடங்கள் கொண்ட அவ்வெண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அவற்றை அடுத்துவரும் பத்து இடங்கள் உரியவரின் பான் எண்ணே ஆகும். புகழ்பெற்றோரின் பிறந்த தேதியும் ஊரறிந்த செய்தி.

இவ்வளவும் கிடைத்தபின், பான் அட்டையையும் ஆதார் அட்டையையும் போலியாகத் தயாரித்து, பெயரையும் எண்ணையும் நடிகருடையதாகவும் படத்தைத் தம்முடையதாகவும் அமைத்துக்கொண்டனர் என்று போலீசார் தெரிவித்தனர். ஆகவே காணொளி மூலம் முகத்தைச் சரிபார்த்தபோது அட்டையிலுள்ள படமும் எதிரில் இருந்த முகமும் ஒத்திருந்தன. பண விவகாரங்களைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கும் தக்க விடையளித்தனர். அவ்விவரங்களைக் கடன் தகவல் அறிக்கையிலிருந்தே அவர்கள் பெற்றிருந்தனர். மோசடி தெரிவதற்குள் 21 லட்சம் ரூபாய்க்கு மேல் பொருள்கள் வாங்கப்பட்டுவிட்டன.

நேர்மையானவரைக் காப்பதற்காக வைத்த ஏடே ஏமாற்றுபவருக்கும் பாடநூலாகப் பயன்பட்டது. புகழ்பெற்றோருக்கு மட்டுமே இத்தகைய அபாயம் உண்டு என்று கருத வேண்டாம். கைப்பேசிச் செயலி மூலம் தங்கள் பான் எண்ணைக் காட்டி யாரோ சிறு கடன் பெற்றிருப்பதை, 2022 பிப்ரவரியில் சாதாரணக் குடிமக்கள் பலரும் தங்கள் கடன் அறிக்கையிலிருந்து அறிந்து முறையிட்டனர்.

ஏடுகளும் சில சமயம் கசிவதுண்டு. 1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தோன்றிய நிறுவனத்தின் வழிவந்ததே ஈக்விஃபாக்ஸ். 2017-ஆம் ஆண்டில் அதன் கணினிகளிலிருந்து ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் மக்களின் விவரங்கள் களவு போயின. அவ்வாண்டு மார்ச்சிலேயே மென்பொருளின் குறையைச் சரிசெய்யும் திருத்தம் வெளிவந்திருந்தும், அது உரிய காலத்தில் பொருத்தப்படாததே காரணம். எச்சரிக்கை வந்தும் கவனிக்காதவருக்கு எச்சரிக்கை இருந்தும் பயனில்லை.

பிழையா, திருட்டா?

கடன் அறிக்கையில் தமக்குத் தெரியாத கடன் ஒன்று காணப்பட்டால், அது திருட்டாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. மூன்று வகைக் காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, மறந்துபோன சொந்தக் கடன். எப்பொழுதோ தவணையில் வாங்கிய தையல் இயந்திரமோ, நண்பருக்காக நின்ற ஜாமீனோ நினைவிலிருந்து நீங்கியிருக்கலாம். ஜாமீன் நின்றவருடைய ஏட்டிலும் அக்கடன் பதிவாகும்.

இரண்டாவது, இருவர் ஏடுகள் ஒன்றாகக் கலத்தல். தமிழ்நாட்டில் இதற்கு இடம் அதிகம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது நம் வழக்கம். படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. ஓர் அலுவலகம் தலைப்பெழுத்தை முன்னும், மற்றொன்று பின்னும், வேறொன்று விரித்தும் எழுதுகின்றது. லட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் ஐந்தாறு விதமாக எழுதலாம். ஒரே வட்டத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருக்கையில், கணினி ஒருவருடைய கடனை மற்றொருவர் கணக்கில் சேர்த்துவிடக்கூடும்.

மூன்றாவதே ஆள்மாறாட்டம். இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. கடன் தொகை எந்த வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது என்று கேட்க வேண்டும். பெயரும் எண்ணும் தம்முடையவையாக இருந்து, பணம் மட்டும் தமக்குச் சம்பந்தமில்லாத கணக்கிற்குச் சென்றிருந்தால், அது திருட்டென்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

அறிக்கையின் பகுதிகளில் பலரும் கவனியாது விடுவது ‘விசாரணைகள்’ என்னும் பகுதியாகும். எந்த நிறுவனம் எந்தத் தேதியில் இவருடைய ஏட்டைக் கேட்டுப் பார்த்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். தாம் கடன் கேளாத நிறுவனத்தின் பெயர் அங்கே காணப்படுமாயின், அதுவே புயற்சின்னம். கடன் வழங்கப்படும் முன்பே தடுக்கும் வாய்ப்பு அப்பொழுது உண்டு.

காலமும் சான்றும்

ஆள்மாறாட்ட வழக்கில் சாட்சி சொல்ல அடுத்த தெருக்காரர் கிடையாது. கணினியின் நாட்பதிவே சாட்சி. விண்ணப்பம் எந்த நொடியில், எந்த இணைய முகவரியிலிருந்து வந்தது என்பதை அப்பதிவு காட்டும்.

2022 ஏப்ரல் 28-ஆம் நாள் லோதி ரோட்டுக் குழு வெளியிட்ட கட்டளைகளின் முக்கியத்துவம் இங்கேதான் விளங்கும். நிறுவனங்கள் தங்கள் கணினிகளில் நேரும் ஊடுருவல், தகவல் கசிவு, அடையாளத் திருட்டு முதலியவற்றை அறிந்த 6 மணி நேரத்திற்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். நாட்பதிவுகளை 180 நாட்கள் இந்தியாவுக்குள் பாதுகாத்து வைக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்களை, தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அளிக்கும் நேரத்தோடு இணைத்திருத்தல் வேண்டும். வங்கியின் கடிகாரமும் தொலைபேசி நிறுவனத்தின் கடிகாரமும் வெவ்வேறு நேரம் காட்டினால், ஒரே நிகழ்ச்சியின் இரு சுவடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது அரிதாகும். இக்கட்டளையின் நோக்கம் அதுவே.

கடன் விண்ணப்பத்தையும் அடையாளச் சான்றுகளையும் வங்கிகள் ஐந்தாண்டுகளேனும் வைத்திருத்தல் வேண்டும். நாட்பதிவுகளுக்கோ 180 நாட்களே கட்டாயக் காலம். அதன்பின் அவை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்கப்பட்டவர் ஓராண்டு கழித்து முறையிட்டால், திருடனின் காலடிச் சுவடு அழிந்திருக்கக்கூடும். ஆகையால் ஏட்டை அடிக்கடி பார்த்தலும், கண்டவுடன் தெரிவித்தலும் இன்றியமையாதனவாகும்.

முறையிடும் முறை

1. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக அளிக்க வேண்டுமென்பது 2017 முதல் நடைமுறையிலுள்ள விதி. மூன்று மாதத்திற்கு ஒரு நிறுவனமாகக் கேட்டு வாங்கினால், ஆண்டு முழுவதும் செலவின்றி ஏட்டைக் கண்காணிக்கலாம்.

2. அறியாத கடனைக் கண்டால், கடன் கொடுத்த நிறுவனத்திற்கும் கடன் தகவல் நிறுவனத்திற்கும் ஒரே நாளில் எழுத வேண்டும். கடன் கொடுத்தவர் திருத்தத்தைச் சரியென்று உறுதி செய்தாலன்றி, ஏட்டை வைத்திருப்பவர் தாமே அதை மாற்ற இயலாது என்பது சட்டம். விண்ணப்பம், ஒப்பந்தம், அடையாளச் சான்றுகள் ஆகியவற்றின் நகல்களையும், பணம் சென்ற கணக்கின் விவரத்தையும் அம்மனுவிலேயே கேட்க வேண்டும். நாட்பதிவுகளை அழியாமல் வைக்குமாறும் கோரலாம்.

3. போலீசிடம் புகார் அளிக்க வேண்டும். கணக்கிலிருந்து பணம் பறிபோயிருப்பின் 1930 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசியில் தெரிவித்தல் வேண்டும். பிறர் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். புகார் மனுவின் நகலை மற்ற இரு மனுக்களுடன் இணைப்பது பயன் தரும்.

4. புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்வு காணப்பட வேண்டும். கடன் கொடுத்தவர் தம் பங்கினை 21 நாட்களில் முடித்தல் வேண்டும். தவறினால், 30 நாட்களுக்குப் பிற்பட்ட ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் வீதம் முறையிட்டவருக்கு ஈடு செய்ய வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் விதித்தது. தாமதம் யாருடையதோ அவரே அத்தொகையைச் செலுத்த வேண்டியவர்.

5. அதன் பின்னரும் நியாயம் கிட்டாவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவருடைய விசாரணைக்கு உட்பட்டவை.

லோதி ரோட்டுக் குழு கடன் ஏட்டைத் திருத்துவதில்லை; இழந்த பணத்தை மீட்டுத் தருவதும் அதன் பணியன்று. நிறுவனங்களின் கணினிகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று கவனிப்பதே அதன் கடமை. எந்த மனு எங்கே செல்ல வேண்டும் என்பதை அறியாமல் அலைவதில் பொன்னான நாட்கள் வீணாகின்றன.

உண்மைக் கடனுடையோர்

தவணை தவறிய சொந்தக் கடனைத் திருட்டென்று கூறித் தப்ப முயல்வது தவறு மட்டுமன்று, பயனற்றதுமாகும். சரியான பதிவை எவராலும் அழிக்க இயலாது. கட்டணம் பெற்றுக்கொண்டு மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகக் கூறும் தரகர்களுக்கு ஏட்டில் கை வைக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. அவர்களிடம் பான், ஆதார் நகல்களைக் கொடுப்பது புதிய ஆபத்துக்கு வழி வகுக்கும்.

மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். தவணைகளை ஒழுங்காகச் செலுத்தி வந்தால் காலப்போக்கில் அது தானே உயரும். கடனை முழுவதும் அடைத்தால் ‘முடிந்தது’ என்றும், பேசிக் குறைத்துக் கொடுத்தால் ‘சமரசத் தீர்வு’ என்றும் பதிவாகும். இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பணம் கட்டும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். நிலுவையில்லை என்ற சான்றிதழைத் தவறாது பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும்.

தவணை தவறியதை ஏட்டுக்கு அறிவிக்கும்போதும், வேறொரு நிறுவனம் ஏட்டைப் பார்க்கும்போதும், உரியவரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்பது விதி. கைப்பேசி எண்ணை மாற்றியவர் வங்கியில் தெரிவிக்காவிடில், அவ்வெச்சரிக்கை அவரை வந்தடையாது.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியவை

கிராமங்களில் ஆதார் நகல் கேளாத இடமில்லை. நகல் தரும்போது, ‘இன்ன காரியத்திற்கு, இன்ன தேதியில்’ என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திடும் வழக்கத்தை மக்களிடையே பரப்பலாம். இயன்ற இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி அமைந்த மறைப்பு ஆதாரையே கொடுக்கலாம். கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. தம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதை ‘சஞ்சார் சாத்தி’ என்னும் அரசாங்க இணையதளத்தில் பார்த்து, அறியாத இணைப்பைத் துண்டிக்கச் செய்யலாம். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவரிடமும் கூறலாகாது.

சுய உதவிக் குழுவின் மாதக் கூட்டத்தில் ஒருநாள், உறுப்பினர் தத்தம் கடன் அறிக்கையைத் தாமே படித்துப் பார்க்கச் செய்வது ஊழியருக்கு அரிய பணியன்று. கணக்காசிரியர் சரிபார்ப்பு இலக்கத்தைப் பற்றி வகுப்பில் கூறலாம். இலக்கங்களை இடம் மாற்றினால் பிழை எவ்வாறு வெளிப்படுகின்றது என்று காட்டியபின், அவ்வெண்ணை மற்றொருவர் பிழையின்றி எழுதினால் கணினி என்ன சொல்லும் என்று மாணவர்களைக் கேட்கலாம். “சரி என்றே சொல்லும்” என்ற விடை வந்துவிட்டால் பாடம் பதிந்துவிட்டது எனக் கொள்ளலாம். அம்மாணவர் அன்று மாலை வீட்டில் பெற்றோரின் அட்டைகள் எங்கெங்கே கொடுக்கப்பட்டுள்ளன என்று விசாரிப்பாராயின், அக்குடும்பத்திற்கு உரிய எச்சரிக்கை உரிய காலத்தில் சென்றடைந்துவிட்டது.